பச்சிளம் குழந்தையின் பாதுகாப்பு: தாயிடம் மட்டும் சொன்னால் போதுமா?

பிரசவ வார்டுகளில் காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் ஒரு குரல் கேட்கும்: “அட்டெண்டர் எல்லாம் வெளிய போங்க!” கட்டிலருகே ஃபிளாஸ்க்கும் கூடையுமாக உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் எழுந்து வராந்தாவுக்குப் போவார்கள். தாய்ப்பால், தொப்புள் பராமரிப்பு, தடுப்பூசி பற்றியெல்லாம் டாக்டரும் செவிலியரும் தாயிடம் எடுத்துச் சொல்வார்கள். பிரசவ அசதியில் இருக்கும் தாய் தலையாட்டுவார். ஓரிரு நாளில் டிஸ்சார்ஜ்.

வீட்டுக்குப் போனதும் நிலைமை தலைகீழ். குழந்தையை எப்போது குளிப்பாட்டுவது, நாக்கில் என்ன தடவுவது, அழுதால் என்ன கொடுப்பது, உடம்பு சுட்டால் ஆஸ்பத்திரிக்கா மந்திரிக்கவா என்று முடிவு செய்பவர் தாய் அல்ல. வராந்தாவுக்கு அனுப்பப்பட்டாரே, அவர்தான். மருத்துவமனை சொன்ன விஷயம் அவர் காதில் விழவே இல்லை. பச்சிளம் குழந்தைப் பராமரிப்பில் தமிழ்நாடு இன்று கவனிக்க வேண்டிய இடைவெளி இதுதான்.

முதல் 28 நாட்கள் ஏன் முக்கியம்?

பிறந்ததிலிருந்து 28 நாட்கள் வரையான குழந்தையை மருத்துவம் ‘பச்சிளம் குழந்தை’ என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் குழந்தைகள் இந்த முதல் மாதத்திலேயே இறந்தன. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இவர்கள். அவர்களிலும் முக்கால்வாசிக் குழந்தைகளை இழப்பது முதல் வாரத்தில்.

தமிழ்நாடு இதில் நாட்டின் மற்ற பல மாநிலங்களைவிட வெகுதூரம் முன்னேறிவிட்டது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இங்கே 99.6% பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஆயிரம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் முதல் மாதத்தில் இறப்பவை சுமார் 13. இந்திய அளவில் இது சுமார் 25. ஆனால், அதே ஆய்வின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் பத்தில் ஆறுதான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடித்து வளரும் குழந்தைகள் பாதிக்குச் சற்று மேல். ஏறக்குறைய எல்லாத் தாய்மார்களும் மருத்துவமனைக்கு வந்துவிட்டார்கள். மருத்துவமனை சொல்வது எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேரவில்லை.

“நாங்க வளர்க்கலையா?”

இளம் தாய் ஏதாவது மறுத்துப் பேசினால் வீட்டில் உடனே வரும் பதில் இது: “நான் நாலு பிள்ளை பெத்தவ. ரெண்டு நாள் ஆஸ்பத்திரில இருந்துட்டு வந்து எனக்கே சொல்றியா?”

இந்தக் கேள்வியில் இருக்கும் அனுபவத்தையும் பாசத்தையும் யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. பிரசவித்த பெண்ணுக்கு ஓய்வு, பத்தியச் சாப்பாடு, இதமான எண்ணெய்த் தடவல், வெளியாட்களை நெருங்கவிடாத ‘பிள்ளை பெத்த வீடு’ என்ற கட்டுப்பாடு எனப் பாட்டிகள் காத்துவந்த பல நல்ல வழக்கங்கள் உண்டு. கண்டவர்கள் எல்லாம் குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுக்காமல் அந்தக் கட்டுப்பாடு எத்தனையோ தொற்றுகளைத் தடுத்திருக்கும்.

ஆனால், அந்தக் கேள்விக்கு இன்னொரு பாதியும் இருக்கிறது. 1971-ல் இந்தியாவில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 129 குழந்தைகள் ஒரு வயதைத் தொடவில்லை. அதாவது, எட்டில் ஒன்று. ‘நாலு பிள்ளை வளர்த்தேன்’ என்று சொல்லும் பல குடும்பங்களில் ‘தங்காமப் போன’ ஒன்றிரண்டும் இருந்தன. பிழைத்து வளர்ந்தவர்கள்தான் சாட்சி சொல்ல இருக்கிறார்கள். போனவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை.

பழைய நம்பிக்கையைத் திருத்திக்கொள்வது பாட்டிகளுக்கு மட்டும் வந்த சோதனையும் அல்ல. அமெரிக்காவில் பல தலைமுறைப் பெற்றோர் நம்பிப் படித்த குழந்தை வளர்ப்பு நூலை எழுதியவர் டாக்டர் பெஞ்சமின் ஸ்போக். குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கலாம் என்று 1950-களின் பிற்பகுதியில் அவரே பரிந்துரைத்தார். மல்லாந்து படுத்தால் வாந்தி எடுத்து மூச்சு அடைக்கும் என்று அன்றைக்கு நினைத்தார்கள். தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பதற்கும் குப்புறப் படுப்பதற்கும் தொடர்பு இருப்பது பிறகுதான் தெளிவானது. 1990-களில் ‘மல்லாக்கப் படுக்க வையுங்கள்’ என்று மேற்கு நாடுகள் பிரச்சாரம் செய்தபோது அமெரிக்காவில் அத்தகைய மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. டாக்டர்களே தங்கள் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். பாட்டிகளும் மாற்றிக்கொள்வார்கள், காரணத்தை அவர்களிடம் நேரில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

செய்யாமல் இருப்பதே பாதுகாப்பு

பச்சிளம் குழந்தைக்கு வீட்டில் வரும் ஆபத்துகளில் பல, ‘ஏதாவது செய்ய வேண்டுமே’ என்ற தவிப்பில் வருபவை. அவற்றை உடம்பின் பாகம் பாகமாகப் பார்த்தால் எளிதில் புரியும்.

*வாய்:* பிறந்ததும் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால், வசம்பு, உரை மருந்து, கிரைப் வாட்டர் இவை எதுவும் தேவையில்லை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் விதைத்துகள்கள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கும். அதனால்தான் ஒரு வயது வரை தேன் கூடாது. தெருவில் சங்குக் கணக்கில் விற்கும் கழுதைப் பால் காய்ச்சாத பச்சைப் பால். வசம்பு, உரை மருந்தில் அளவும் கிடையாது, சுத்தமும் உறுதி கிடையாது. கத்திரி வெயிலாக இருந்தாலும் தண்ணீர் கொடுக்க வேண்டியதில்லை. தாய்ப்பாலில் ஏறக்குறைய 88% தண்ணீர்தான். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே கொட்டுவது, குழந்தைக்குக் கிடைக்கும் முதல் நோய்த் தடுப்பையே கொட்டுவதற்குச் சமம்.

*மூக்கு, காது, தொண்டை:* குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது, தொண்டைக்குள் விரலை விட்டுக் கோழை எடுப்பது, தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு போவது... இவை எல்லாமே ஆபத்து. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். அந்த எண்ணெயை நுரையீரல் எளிதில் வெளியேற்ற முடியாது.

*மார்பு:* தாயின் ஹார்மோன் காரணமாகப் பிறந்த குழந்தைக்கு, ஆண் குழந்தைக்கும்கூட, மார்பு சற்று வீங்கி இருக்கும். சில துளிப் பாலும் வரலாம். தானாகவே சரியாகிவிடும். ‘பால் கட்டியிருக்கு’ என்று பிதுக்கினால் சீழ் பிடிக்கும்.

*தொப்புள்:* மஞ்சள், சாம்பல், விபூதி, எண்ணெய், பவுடர் எதுவும் வைக்கக் கூடாது. சுத்தமாக, உலர்வாக விட்டுவிட்டால் ஓரிரு வாரங்களில் தொப்புள் கொடி தானே விழும்.

*கண்:* கண்ணுக்குள் மை தீட்டினால் தொற்று வரலாம். சில மைகளில் ஈயமும் கலந்திருக்கிறது. திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில் வைத்தால் திருஷ்டி கழியாமலா போய்விடும்?

*மூச்சு:* குளித்த ஈரத்தோடு குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவது, முகத்துக்கு நேரே பவுடர் தட்டுவது, அடைத்த அறையில் கொசுவத்தி ஏற்றுவது, வீட்டுக்குள் புகைபிடிப்பது எல்லாம் ஒரே கணக்கில்தான் வரும். கொசுவுக்கு வலையே போதும். அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்காகத் தமிழக அரசு 2015-ல் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தில் இருந்த 16 பொருட்களில் கொசுவலையும் ஒன்று, தாய் கை கழுவும் திரவமும் ஒன்று. இந்த இரண்டும் பல வீடுகளில் பெட்டியைவிட்டு வெளியே வருவதில்லை.

குளியலும் தூக்கமும்

பிறந்து 24 மணி நேரமாவது கழியும்வரை குளிப்பாட்டக் கூடாது. பிறந்த குழந்தையால் உடம்பின் சூட்டைத் தக்கவைக்க முடியாது. ஈரம் பட்டால் சட்டெனக் குளிர்ந்துவிடும். எடை குறைந்த குழந்தை என்றால் டாக்டர் சொல்லும்வரை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போதும். காலில் போட்டுக் குளிப்பாட்டுவது தவறில்லை. ஆனால், தலையை உருட்டிப் பிடிப்பதும், மூக்கை இழுத்துவிடுவதும், கை கால்களை முறுக்குவதும், தலைகீழாகத் தொங்கவிடுவதும் கூடாது. மண்டையோட்டு எலும்புகள் ஒன்றோடு ஒன்று சேராத வயது அது.

தூக்கத்தைப் பொறுத்தவரை விதி மிக எளிது. மல்லாந்து, சமமான, அமுங்காத விரிப்பில், தலையணை, பொம்மை, கனமான போர்வை எதுவும் இல்லாமல், தாய் இருக்கும் அதே அறையில், கைக்கு எட்டும் தூரத்தில் படுக்க வைக்க வேண்டும்.

சேலைத் தூளி தமிழ் வீடுகளின் அடையாளம். அதில் தூங்கி வளராதவர்கள் இங்கே குறைவு. ஆனால், கழுத்து நிற்காத குழந்தை தூளிக்குள் வளைந்து படுக்கும்போது தாடை நெஞ்சில் முட்டி மூச்சுக்குழாய் மடங்க வாய்ப்பு உண்டு. முதல் சில மாதங்களுக்குப் பாய்தான் நல்லது. பிறகு தூளி கட்டினாலும் தரைக்குக் கொஞ்சம் மேலே கட்டி, கீழே மெத்தை விரித்து, ஆள் பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும். மூத்த குழந்தையைக் காவல் வைத்துவிட்டு நகரக் கூடாது. தூளியில் விளையாடும்போது கழுத்து சிக்கிக்கொள்வது அந்த மூத்த குழந்தைக்கும் ஆபத்து. குடித்தவர், தூக்க மாத்திரை போட்டவர் பக்கத்தில் குழந்தையைப் படுக்க வைப்பதும், சோபாவில் குழந்தையை அணைத்தபடி தூங்கிப்போவதும் எக்காரணம் கொண்டும் கூடாது.

வெயிலில் காட்டினால் மஞ்சள் காமாலை போகுமா?

‘காலை வெயில்ல காட்டு, சரியாப் போகும்’ என்ற பேச்சு ஆதாரமே இல்லாதது அல்ல. 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், வெயில் பட்ட இடத்தில் மட்டும் குழந்தையின் தோல் மஞ்சள் வெளுத்திருப்பதை ஒரு செவிலியர் கவனித்தார். அதிலிருந்துதான் இன்றைய நீல ஒளிச் சிகிச்சை பிறந்தது. ஆனால், வெயிலின் அளவைக் கட்டுப்படுத்த முடியாது. குழந்தையைத் துணியில்லாமல் வெளியே வைத்தால் ஒன்று குளிர்ந்துவிடும், அல்லது தோல் சுட்டுவிடும். காலையில் பத்து நிமிடம் வெயிலில் காட்டிவிட்டோம் என்ற நிம்மதியில் இரண்டு நாள் ஓடிவிடுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

நிறைமாதக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் நாளில் லேசான மஞ்சள் வருவது இயல்பு. ஓரிரு வாரங்களில் போய்விடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால்வரை பரவினாலோ, குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ, இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தாலோ, மலம் வெளுத்துப் போனாலோ மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ரத்தத்தில் பிலிருபின் மிகையாகி மூளையில் படிந்தால் காது கேளாமையும் மூளை முடக்குவாதமும் வாழ்நாள் முழுக்க நிற்கும்.

“காலைல பாத்துக்கலாம்” என்று சொல்லக் கூடாத நேரங்கள்

பச்சிளம் குழந்தைக்கு ஏற்படும் கிருமித் தொற்று சில மணி நேரத்திலேயே முற்றிவிடும். கீழே உள்ளவற்றில் எது தெரிந்தாலும், நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும்:

- நன்றாகக் குடித்த குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிடுவது, அல்லது சப்ப முடியாமல் சோர்வது
- தட்டி எழுப்பினாலும் அசைவு குறைவாக இருப்பது, உடல் துவண்டு கிடப்பது
- அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணினால் 60 அல்லது அதற்கு மேல் மூச்சு விடுவது
- மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே ஆழமாகக் குழி விழுவது, முனகுவது
- உடல் சூடு 99.5 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடுவது, அல்லது அணைத்து வைத்த பிறகும் உடம்பு சில்லிட்டே இருப்பது
- வலிப்பு, உதடு நீலம் பாய்வது, பச்சை நிறத்தில் வாந்தி
- தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, சீழ், கெட்ட வாடை

அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ். சந்தேகம் கேட்க 104 உதவி எண். இந்த இரண்டையும் வீட்டுச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைப்பது நல்லது. நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். கையில் காசு இல்லை என்பதற்காக விடியும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

‘பால் பத்தல’ என்ற தீர்ப்பு

குழந்தை அழுதால் வீட்டில் முதலில் சொல்லப்படுவது ‘பால் பத்தல’. அடுத்த நாளே பால்பவுடர் டப்பா வந்துவிடும். தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவங்கள் சிசேரியன் என்பதால், முதல் நாளில் தாய் எழுந்து உட்கார முடியாத நிலையும் சேர்ந்துகொள்கிறது. அங்கே தேவைப்படுவது குழந்தையை எடுத்து மார்போடு சேர்த்துப் பிடிக்க உதவும் ஒரு கை. பவுடர் டப்பா அல்ல.

பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. முதல் வாரம் முடியும்போது ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் குழந்தை சிறுநீர் கழித்தால் போதிய பால் கிடைக்கிறது என்று பொருள். முதல் வாரத்தில் எடை கொஞ்சம் இறங்குவதும் இயல்புதான். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, இரண்டு வாரமாகியும் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். அழும் குழந்தையின் வாயில் பாலாடையால் வலுக்கட்டாயமாக ஊற்றினால் புரையேறும்.

பாட்டியை உள்ளே அழைக்க வேண்டும்

இவை எதுவும் ரகசியம் அல்ல. ஒவ்வொரு மருத்துவமனையிலும் சொல்லப்படுபவைதான். சொல்லப்படும் இடமும் ஆளும்தான் மாற வேண்டும்.

இதற்கு நல்ல முன்னுதாரணம் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் இருக்கிறது. டாக்டர்கள் அபய் பங், ராணி பங் இருவரும் 1990-களில் அங்கே 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு தேடிச் சென்று பச்சிளம் குழந்தைகளைக் கவனிக்க வைத்தார்கள். தாய்மார்களோடு பாட்டிகளுக்கும் விளக்கிச் சொன்னார்கள். மூன்றாவது ஆண்டில் பச்சிளம் குழந்தை மரணங்கள், இந்தத் திட்டம் இல்லாத கிராமங்களோடு ஒப்பிட்டால், 60 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தன. அந்த அனுபவத்தின் அடியொற்றி 2011-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம், மருத்துவமனையில் பிறந்த குழந்தையையும் 3, 7, 14, 21, 28, 42-வது நாட்களில் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்கிறது.

தமிழ்நாட்டில் இதற்குப் புதிய துறையோ பெரிய செலவோ வேண்டாம். டிஸ்சார்ஜ் அன்று பத்து நிமிடம், தாயோடு பாட்டியையும் அப்பாவையும் உட்கார வைத்து, வார்டில் நாலைந்து குடும்பங்களுக்குச் சேர்த்தே பேசலாம். கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்குப் போகும் நேரத்தை முடிந்தவரை குழந்தையைக் குளிப்பாட்டும் நேரமாக வைத்துக்கொண்டால், அறிவுரை சொல்வதற்குப் பதிலாகக் கூடவே நின்று செய்து காட்டலாம். அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பில் சீர்வரிசையோடு, உடன் வரும் பெரியவர்களுக்கான பத்து நிமிடப் பேச்சையும் சேர்க்கலாம்.

‘இது பெரியவர்களின் அதிகாரத்துக்கே மரியாதை செய்வதாகாதா? குழந்தை தாயுடையது, முடிவும் அவருடையதாகத்தானே இருக்க வேண்டும்?’ என்ற கேள்வி நியாயமானது. முடிவு தாயுடையதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால், இன்று அவர் வீட்டில் தனியாக நின்று வாதாடுகிறார். ‘டாக்டர் சொன்னாங்க’ என்று அவர் சொல்வதும், டாக்டரே பாட்டி முகத்துக்கு நேராகச் சொல்வதும் ஒன்றல்ல. பின்னது தாய்க்குக் கிடைக்கும் துணை. மாமியாரோடும் அம்மாவோடும் மல்லுக்கட்டும் வேலை அவருக்கு மிச்சம்.

அப்பாவின் பங்கும் சேர்ந்தே பேசப்பட வேண்டும். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதால் வார இறுதியில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளியாகப் பல அப்பாக்கள் இருக்கிறார்கள். எடை குறைந்த குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் அணைத்து வைத்திருக்கும் ‘கங்காரு பராமரிப்பை’ அப்பாவும் செய்யலாம். இரவில் ஒரு முறை குழந்தையை வாங்கிக்கொண்டு தாயைத் தூங்கவிடலாம். பிரசவத்துக்குப் பிறகு காரணமில்லாமல் அழுகை, எரிச்சல், யாரிடமும் பேசப் பிடிக்காத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ‘எல்லாருக்கும் வர்றதுதான்’ என்று தள்ளாமல் தாயை டாக்டரிடம் அழைத்துப் போவதும் அவர் கடமை. சோர்ந்து உடைந்த தாயின் கையில் குழந்தை மட்டும் பத்திரமாக இருக்க முடியாது.

பிரசவத்துக்கு ஒரு பெண் துணையை அனுமதிக்கலாம் என்ற முடிவைத் தமிழக அரசு மருத்துவமனைகள் ஏற்கெனவே எடுத்துவிட்டன. பிரசவ அறைக்குள்ளேயே வர அனுமதி உள்ள அந்தத் துணைக்கு, டாக்டர் அறிவுரை சொல்லும் நேரத்தில் மட்டும் வராந்தாவில் என்ன வேலை? டிஸ்சார்ஜ் சீட்டில் தாயின் கையெழுத்துக்குப் பக்கத்தில், ‘குழந்தையைக் குளிப்பாட்டப் போகிறவரிடமும் விளக்கப்பட்டது’ என்று ஒரு வரியும் இன்னொரு கையெழுத்துக்கு இடமும் விட்டால் போதும்.